தசமத்தின் ஈற்றில் நிற்கும் பூச்சியம்

0.5, 0.50, 0.500 ஆகிய மூன்றும் ஒரே மதிப்புடையவை. தசம பின்னத்தின் ஈற்றில் எத்தனை பூச்சியங்களைச் சேர்த்தாலும், எத்தனை பூச்சியங்களை நீக்கினாலும் அதன் மதிப்பு மாறுவதில்லை. கணக்கு நூல்கள் பலவும் இவ்விதியை ஒரே வரியில் கூறி, அதன்கீழ்ச் சில பயிற்சிகளைக் கொடுத்து, அடுத்த பாடத்திற்குச் சென்றுவிடுகின்றன. மாணவனும் அவ்வரியை மனப்பாடம் செய்து, தேர்வில் எழுதி, மதிப்பெண் பெறுகிறான்.

அதே மாணவன் சில ஆண்டுகள் கழித்து நில அளவையிலோ, ஆய்வுக்கூடத்திலோ, மழைமானி நிலையத்திலோ பணிக்கு அமரும்போது அவனுக்கு வேறொரு கட்டளை பிறக்கிறது: "2.50 என்று அளந்ததை 2.5 என்று பதியாதே. ஈற்றுப் பூச்சியத்தை விட்டுவிடாதே." அவன் மருத்துவமனையில் மருந்து வழங்கும் பணியை ஏற்றாலோ, கட்டளை மீண்டும் மாறுகிறது: "5 மில்லிகிராம் என்பதை ஒருபோதும் 5.0 என்று எழுதாதே." பள்ளியில் பொருட்படுத்தத் தகாதது என்று கற்பிக்கப்பட்ட பூச்சியம், ஓரிடத்தில் கட்டாயமாகவும் மற்றோரிடத்தில் விலக்கப்பட்டதாகவும் ஆகிவிடுகிறது. இம்மூன்றில் எது சரி? மூன்றுமே சரி. ஆனால் அவை ஏன் சரி என்பதை, மனப்பாடம் செய்த ஒற்றை வரி ஒருநாளும் விளக்காது. சமான தசமங்களைப் பற்றிய பாடம் விதியிலிருந்து தொடங்காமல் இடத்திலிருந்தும் அலகிலிருந்தும் தொடங்கவேண்டும் என்பதே இங்கு வலியுறுத்தப்படும் கருத்து.

விதிக்கு முன்னே பொருள்

முழு எண்களைக் கற்கும்போது குழந்தை ஓர் உண்மையை நன்கு அறிந்துகொள்கிறது. 5-இன் வலப்புறம் ஒரு பூச்சியத்தைச் சேர்த்தால் அது 50 ஆகும். மதிப்புப் பத்து மடங்கு பெருகும். இரண்டு மூன்று ஆண்டுகள் இதனைப் பழகிய பின்னர், 0.5-இன் வலப்புறம் பூச்சியத்தைச் சேர்த்தால் மதிப்பு சிறிதும் மாறாது என்று திடீரென்று கூறப்படுகிறது. காரணம் கூறாமல் இதனைக் கேட்கும் குழந்தை மயங்குவதில் வியப்பில்லை. மயக்கத்தை வெளியிடாமல் விதியை ஒப்பித்துவிடும் குழந்தையைப் பற்றியே ஆசிரியர் அதிகம் கவலைகொள்ள வேண்டும்.

காரணம் எளியது. முழு எண்ணில், வலப்புறம் வந்து சேரும் பூச்சியம் ஒன்றின் இடத்தைப் பிடித்துக்கொண்டு, முன்னர் அங்கிருந்த 5-ஐப் பத்தின் இடத்திற்குத் தள்ளுகிறது. தசமத்தில் அவ்வாறு தள்ள இயலாது. புள்ளி அசையாமல் நிற்கிறது. 5 பத்திலொன்றின் இடத்திலேயே இருக்கிறது. புதிதாக வந்த பூச்சியம் நூறிலொன்றின் இடத்தில் அமர்ந்து, "இவ்விடத்தில் ஏதுமில்லை" என்று மட்டும் தெரிவிக்கிறது. ஆனால் அதே பூச்சியம் புள்ளிக்கும் 5-க்கும் இடையே புகுந்து 0.05 ஆகுமாயின், 5 ஓரிடம் வலப்புறம் தள்ளப்பட்டு, மதிப்புப் பத்திலொரு பங்காகக் குறைந்துவிடும். பூச்சியம் மதிப்பை மாற்றுகிறதா என்பது, அது எந்த இலக்கத்தையேனும் தன் இடத்திலிருந்து பெயர்க்கிறதா என்பதைப் பொறுத்தது.

இதனை ஒரு மீட்டர்க் கோலைக் கொண்டு காட்டலாம். அரை மீட்டர் என்பது 5 டெசிமீட்டர். அதுவே 50 சென்டிமீட்டர். அதுவே 500 மில்லிமீட்டர். கோலின்மேல் விரல் நிற்கும் இடம் ஒன்றே. பங்குகள் நுண்ணியவையாகும்தோறும் அவற்றின் எண்ணிக்கை பெருகுகிறது, நீளம் மாறவில்லை. 0.5, 0.50, 0.500 என்பவை இம்மூன்று எண்ணிக்கைகளின் எழுத்து வடிவங்களே.

ஐரோப்பாவில் தசம பின்னத்தை நடைமுறைக் கணக்கிற்குக் கொண்டுவந்தவர்களுள் முதன்மையானவர் சைமன் ஸ்டீவின். 1585-இல் வெளிவந்த தமது சிறு நூலில் அவர் புள்ளியை வழங்கவில்லை. ஒவ்வோர் இலக்கத்தின் அருகிலும் அதன் இடத்தைக் காட்டும் எண்ணை ஒரு வட்டத்திற்குள் இட்டு எழுதினார். ஆகவே ஒவ்வோர் இலக்கமும் தன் அலகைத் தானே அறிவித்தது. பிற்காலத்தில் வட்டங்கள் மறைந்து ஒற்றைப் புள்ளி நிலைத்தது. எழுதுவது எளிதாயிற்று, ஆனால் வட்டங்கள் சொல்லிவந்ததை ஆசிரியர் வாயால் சொல்லவேண்டிய கடமையும் உண்டாயிற்று.

கால் பெரிதா, அரை பெரிதா?

0.5, 0.25 இவற்றுள் எது பெரியது என்று வினவினால், தசமம் கற்ற மாணவர்களிலும் சிலர் 0.25 என்றே விடையளிப்பர். 25 என்பது 5-ஐ விடப் பெரிதன்றோ என்பது அவர்கள் வாதம். வேறு சிலரோ, இலக்கங்கள் மிகுந்தால் பங்குகள் சிறுத்துவிடும் என்று எண்ணி, நீண்ட தசமம் எதுவாயினும் அதுவே சிறியது என்பர். அமெரிக்கா, இஸ்ரேல், பிரான்சு ஆகிய மூன்று நாடுகளின் மாணவர்களை ஆராய்ந்து லாரன் ரெஸ்னிக்கும் அவருடன் பணியாற்றியோரும் 1989-இல் வெளியிட்ட ஆய்வு, இவ்விரு தவறுகளும் கவனக் குறைவால் நேர்பவை அல்ல, மாணவர் தாமே வகுத்துக்கொண்ட விதிகளின் விளைவுகள் என்று எடுத்துக்காட்டியது. அறியாமையை விடத் தவறான விதியே களைவதற்கு அரியது.

தமிழ் பேசும் குழந்தையிடம் இதற்கு மருந்து ஏற்கெனவே உள்ளது. அரை, கால், அரைக்கால், மாகாணி என்னும் சொற்களை எழுத்தில் வைத்துப் பார்த்தால் அவை முறையே 0.5, 0.25, 0.125, 0.0625 ஆகும். கால் படி அரைப் படியை விடக் குறைவு என்பதைப் பள்ளிக்கு வராத குழந்தையும் அறியும். அவ்வறிவை எண்ணுருவோடு இணைத்துவிட்டால், 25 பெரிதா 5 பெரிதா என்னும் மயக்கம் நீங்கிவிடும். நீண்டது எப்போதும் சிறியது என்னும் எதிர்த்தவறு தோன்றாதிருக்க, முக்காலையும் உடன் வைக்கவேண்டும். 0.75-இல் இலக்கங்கள் இரண்டு. எனினும் அது 0.5-ஐ விடப் பெரிது. பின்னர் 0.5-ஐ 0.50 என்று எழுதி, 25, 50, 75 என்று ஒரே அலகில் வரிசைப்படுத்திக் காட்டினால், சமான தசமம் எதற்காக வேண்டும் என்பதும் விளங்கிவிடும். ஈற்றுப் பூச்சியத்தைச் சேர்ப்பது பொழுதுபோக்கன்று. வேறு வேறு அலகில் நிற்பவற்றை ஒரே அலகிற்குக் கொணர்ந்து ஒப்பிடும் வழி அது.

வாய்ப்பாடமாகப் படிக்கும் முறையும் திருத்தத்திற்குரியது. 0.25-ஐப் "புள்ளி இருபத்தைந்து" என்று படிப்பது, புள்ளிக்கு வலப்புறம் மற்றொரு முழு எண் நிற்பதாக எண்ணச் செய்கிறது. "புள்ளி இரண்டு ஐந்து" என்றோ, "நூறில் இருபத்தைந்து" என்றோ படித்தல் வேண்டும்.

ரூபாய்க் கணக்கின் நன்மையும் எல்லையும்

1955-ஆம் ஆண்டின் நாணயத் திருத்தச் சட்டப்படி, 1957 ஏப்ரல் 1 முதல் இந்தியாவில் ரூபாய் 100 பங்குகளாக வகுக்கப்பட்டது. அதற்கு முன்னர் ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை என்பது கணக்கு. புதிய நாணயம் சில ஆண்டுகள் நயா பைசா என வழங்கி, 1964 ஜூன் முதல் பைசா என்றே பெயர் பெற்றது. 1956-இல் இயற்றப்பட்ட எடை, அளவைச் சட்டத்தின் வழியாக மீட்டரும் கிலோகிராமும் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. இம்மாறுதலால் தசமக் கணக்கு சந்தையிலும் வீட்டிலும் புழங்கலாயிற்று. ஆசிரியருக்கு இதனைவிடப் பெரிய துணை வேறில்லை.

ஆயினும் இத்துணையில் ஒரு கண்ணி மறைந்திருக்கிறது. பழைய கணக்கில் மூன்று ரூபாய் ஐந்து அணா என்பதை 3-5-0 என்று எழுதுவர். அச்சிறு கோடு ஒரு வேலி. வேலிக்கு இப்புறம் ரூபாய், அப்புறம் அணா, அதற்கப்பால் பை. ஒவ்வொன்றும் தனித்தனி எண். தசமப் புள்ளி அத்தகைய வேலியன்று. ஒன்றின் இடம் எங்கே முடிகிறது என்று காட்டும் அடையாளமே அது. இருபுறமும் உள்ள இலக்கங்கள் ஒரே எண்ணைச் சேர்ந்தவை. ரூபாய்க் கணக்கை மட்டும் கொண்டு தசமத்தைக் கற்ற குழந்தை, புள்ளியைப் பழைய கோட்டின் இடத்தில் வைத்துப் பார்க்கிறது. மூன்று ரூபாய் ஐந்து பைசாவை 3.5 என்று எழுதுகிறது. கணிப்பான் 3.50 என்னும் விடையை 3.5 என்று காட்டினால், அதனை மூன்று ரூபாய் ஐந்து பைசா என்று வாசிக்கிறது. விலைச் சீட்டுகளில் எப்போதும் இரண்டு இலக்கங்களே காணப்படுவதால், இத்தவறு கடைத்தெருவில் வெளிப்படுவதில்லை. மீட்டரிலும் கிலோகிராமிலும்தான் வெளிப்படுகிறது.

மூன்று மீட்டர் ஐந்து சென்டிமீட்டரை 3.5 மீட்டர் என்று பதிந்தால் 45 சென்டிமீட்டர் பிழை. கிலோகிராமிலோ பிழை இன்னும் எளிதில் நேரும். ஏனெனில் அங்கு இரண்டு இலக்கங்கள் போதா. இரண்டு கிலோகிராம் 50 கிராம் என்பது 2.050, ரூபாய்ப் பழக்கத்தில் கை தானே 2.50 என்று எழுதிவிடும். பிழை 450 கிராம். இது காய்கறிக் கணக்காயின் சில ரூபாய் நட்டத்தோடு போகும். பிறந்த குழந்தையின் எடையாயின்? 2,500 கிராமுக்குக் குறைந்த எடையோடு பிறக்கும் குழந்தை, எடை குறைந்த குழந்தையாகக் கருதப்பட்டுத் தனிக் கவனம் பெறவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரையறை. 2 கிலோகிராம் 50 கிராம் எடையுள்ள சிசுவை 2.50 என்று ஒருவர் பதிந்தால், அச்சிசு அப்பட்டியலிலிருந்து நீங்கிவிடுகிறது. பதிவேட்டில் கூட்டல் பிழை இராது. மேற்பார்வையிடுவோர் கண்ணுக்கும் எதுவும் படாது. பதிந்தவர் ஐந்தாம் வகுப்பிலோ ஆறாம் வகுப்பிலோ பெற்ற அரைகுறை அறிவு, பராமரிப்புத் தேவைப்பட்ட ஒரு குழந்தைக்கு அதனை இல்லாமல் ஆக்கிவிடும்.

அளவீட்டில் பூச்சியம் சொல்லும் செய்தி

இனி, களப் பணியாளர் பூச்சியத்தை ஏன் காக்கவேண்டும் என்பதைக் காண்போம். எண் என்ற அளவில் 2.5-ம் 2.50-ம் ஒன்றே. ஆனால் பதிவேட்டில் எழுதப்படுவது வெறும் எண்ணன்று. அளந்தவர் தரும் வாக்குமூலம். 2.5 மீட்டர் என்று பதிந்தவர், பத்திலொன்று வரை பார்த்ததாகக் கூறுகிறார். உண்மை நீளம் 2.45-க்கும் 2.55-க்கும் இடையே எங்கேனும் இருக்கலாம். 2.50 என்று பதிந்தவர், நூறிலொன்று வரை பார்த்து அவ்விடத்தில் ஏதுமில்லை எனக் கண்டதாகக் கூறுகிறார்; நீளம் 2.495-க்கும் 2.505-க்கும் இடைப்பட்டது. மதிப்பு ஒன்றே, ஆயின் உறுதி பத்து மடங்கு வேறுபடுகிறது.

இந்திய வானிலைத் துறையின் மழைமானி நிலையங்களில் மழையளவு மில்லிமீட்டரில் பத்திலொன்று வரை பதியப்படுகிறது. ஒருநாள் மழை 2.5 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ இருந்தால்தான் அந்நாள் மழைநாள் எனக் கணக்கிடப்படும். சரியாகப் பன்னிரண்டு மில்லிமீட்டர் மழை பெய்திருந்தால் 12.0 என்று எழுதுவதே முறை. 12 என்று மட்டும் எழுதினால், பத்திலொன்றைப் பார்த்தாரா, பாராமல் விட்டாரா என்பது பின்னால் ஆராய்பவருக்குத் தெரியாது. மழை பெய்யாத நாளில் 0.0 என்று எழுதுவதற்கும் கட்டத்தை வெறுமையாக விடுவதற்கும் உள்ள வேறுபாடு அதனினும் பெரிது. முன்னது "பார்த்தேன், மழையில்லை" என்பது. பின்னது "பார்த்தாரா என்பதே தெரியவில்லை" என்பது. பல ஆண்டுகளின் சராசரியைக் கணக்கிடும்போது இவ்விரண்டும் வெவ்வேறு விடைகளைத் தரும்.

முழு எண்ணின் ஈற்றுப் பூச்சியத்திற்கு இத்தகைய தெளிவு இல்லை. எவரெஸ்ட் சிகரத்தின் உயரம் 29,002 அடி என 1856-இல் அறிவிக்கப்பட்டது. கணக்கில் சரியாக 29,000 என்றே வந்ததாகவும், அதனை உத்தேச எண் என்று மக்கள் கருதிவிடுவர் என்று அஞ்சி 2 அடி கூட்டப்பட்டதாகவும் ஒரு செய்தி வழங்கி வருகிறது. அது உண்மையோ புனைவோ, அச்சம் பொருளுடையது. 29,000-இல் உள்ள பூச்சியங்களை எவ்வாறாயினும் எழுதியே ஆகவேண்டும். அவை அளந்து கண்டவையா, வெறும் இடம் நிரப்பிகளா என்று எண்ணைப் பார்த்து அறிய வழியில்லை. புள்ளிக்குப் பின் ஈற்றில் நிற்கும் பூச்சியமோ மதிப்பிற்குத் தேவையற்றது. தேவையற்றதாயிருந்தும் எழுதப்பட்டிருப்பதனாலேயே, அது அளந்து கண்டது என்னும் பொருளைப் பெறுகிறது. 2020 டிசம்பரில் அச்சிகரத்தின் உயரம் 8,848.86 மீட்டர் என அறிவிக்கப்பட்டது. விடை 8,848.80 என்று வந்திருக்குமாயின், ஈற்றுப் பூச்சியத்தையும் எழுதுவதே நேர்மை.

ஆகவே, அளவாத பூச்சியத்தைச் சேர்ப்பது பொய்யுரை; அளந்த பூச்சியத்தை விடுவது மெய்யை மறைத்தல். மனிதரே இதில் கவனமாயிருந்தாலும், இன்று கணினி அட்டவணைகள் 2.50 என்று உள்ளிட்டதைத் தாமாகவே 2.5 என்று சுருக்கிக் காட்டும் இயல்புடையவை. ஒவ்வொரு பத்திக்கும் அலகையும் தசம இடங்களின் எண்ணிக்கையையும் தலைப்பிலேயே வரையறுத்து, அட்டவணையை அதற்கேற்ப அமைத்துவிட்டுப் பதிவைத் தொடங்குதல் நலம்.

மருந்துச் சீட்டில் நிலைமை வேறு. அங்கு அஞ்சத்தக்கது புள்ளி கண்ணுக்குத் தப்பிவிடுதல். 1.0 மில்லிகிராம் என்று எழுதியதில் புள்ளி மங்கினால் 10 ஆகிவிடும். நோயாளிக்குப் பத்து மடங்கு மருந்து போய்ச் சேரும். .5 என்று எழுதியதில் புள்ளி மறைந்தால் 5 ஆகிவிடும். இதனாலேயே அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று வழங்கும் கூட்டு ஆணையம் 2004-இல் வெளியிட்ட, தவிர்க்கவேண்டிய குறியீடுகளின் பட்டியலில், ஈற்றுப் பூச்சியமும் முன்பூச்சியம் இல்லாத தசமமும் இடம்பெற்றன. 1 என்றும் 0.5 என்றும் எழுதுவதே அங்கு முறை. பூச்சியத்தின் மதிப்பு மாறவில்லை. எழுத்தைப் படிப்பவருக்கு நேரக்கூடிய ஆபத்து மாறுகிறது.

இரண்டு மறுப்புகள்

முதலாவது மறுப்பு, 2.5-ம் 2.50-ம் ஒன்று என்று கற்பித்துவிட்டு, அவை வேறு என்றும் கூறினால் குழந்தை குழம்பாதா என்பது. இரண்டையும் ஒரே நாளில் கூறினால் குழம்பும். வரிசை முறை தவறாவிடின் குழப்பத்திற்கு இடமில்லை. தொடக்க வகுப்பில் மதிப்பு ஒன்று என்பதைக் கோலாலும் கட்டத்தாளாலும் ஐயமற நிறுவுக. மாணவர் தாமே அளந்து பதியத் தொடங்கும் மேல்வகுப்பில், எண் வேறு, அளவீட்டுப் பதிவு வேறு என்பதை உணர்த்துக. ஈற்றுப் பூச்சியம் ஓர் இடத்தின் பெயர் என்று முதலிலேயே அறிந்த மாணவனுக்கு, "அவ்விடத்தையும் பார்த்தேன்" என்று அது கூறுவதாக விளக்கினால் உடனே புரியும். அது பொருளற்ற அலங்காரம் என்று கற்றவனுக்கோ எல்லாவற்றையும் மறந்து மீண்டும் கற்கவேண்டியிருக்கும்.

இரண்டாவது மறுப்பு, பாடத்திட்டம் நீளமானது, காலம் குறைவு, விதி ஒன்றே தேர்வுக்குப் போதும் என்பது. தேர்வுக்குப் போதுகிறது என்பது உண்மையாயின், குறை தேர்வில் உள்ளது. 0.35, 0.62 போன்ற சம நீளமுள்ள தசமங்களையே ஒப்பிடச் சொல்லும் வினாக்கள் மயக்கத்தை வெளிக்கொணர மாட்டா. அவற்றை முழு எண்களாகக் கருதியவனும் சரியான விடையையே தருவான். 0.4, 0.35, 0.125, 0.40 என்று நீளம் வேறுபட்டவற்றை வரிசைப்படுத்தச் சொல்லுக. 2 கிலோகிராம் 50 கிராமைக் கிலோகிராமில் எழுதச் சொல்லுக. இவ்விரு வினாக்களுக்குச் சில நிமிடங்களே தேவை. வகுப்பில் யார் பொருளை அறிந்தார், யார் விதியை மட்டும் அறிந்தார் என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

வகுப்பறையில் ஆசிரியர் கற்பிக்கும் பூச்சியத்தைத்தான் களப் பணியாளர் பின்னர்ப் பதிவேட்டில் எழுதுகிறார். அப்பதிவேட்டை நம்பியே அரசாங்கம் பஞ்சத்தையும் வெள்ளத்தையும், குழந்தைகளின் நலிவையும் கணக்கிடுகிறது. ஆதலின் சமான தசமங்களுக்கு இன்று ஒதுக்கப்படும் ஒரு வரியைச் சில நாட்களின் பாடமாக விரிப்பது வீண் செலவாகாது. கோலும், கட்டத்தாளும், ஒரு தராசும் இருந்தால் அதற்குப் போதும்.